எம்ஆர்ஐக்கு முன்னால் ஒருமுறை முட்டியைத் தொட்டுப் பாருங்கள்

முட்டி வலி என்று வருகிற ஓட்டக்காரர்களில் நிறையப் பேர் கையில் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டோடுதான் வருகிறார்கள். உட்கார்ந்ததும் காலை நீட்டுவதற்கு முன்னால் ஃபைலை நீட்டுவார்கள். "மெனிஸ்கஸ்ல கிரேடு 2 மாற்றம்னு போட்டிருக்கு, இனிமே ஓடவே முடியாதா?" என்பதுதான் முதல் கேள்வி. மெனிஸ்கஸ் என்பது முட்டிக்குள் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு. நான் பிசியோதெரபிஸ்ட், ஓடவும் செய்கிறேன், அதனால் அந்தப் பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, இதுவரை யாராவது உங்கள் முட்டியைத் தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்கேன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஸ்கேன் படம் காட்டும். அந்தப் படத்தில் இருப்பதுதான் வலிக்கிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. 2008இல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரை உள்ள 991 பேருக்கு முட்டியில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ குடைச்சலோ இறுக்கமோ எதுவுமே இருந்திருக்கவில்லை. வயதானவர்கள்தான், ஓட்டக்காரர்கள் என்று பிரித்து எடுத்தவர்களும் இல்லை. ஆனால் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்பதும் அதனால்தான் வலிக்கிறது என்பதும் வேறு வேறு விஷயங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது. இரண்டையும் இணைத்துப் பார்க்கிற வேலையைக் கைதான் செய்ய வேண்டும்.

முட்டிக்கு என்று பெயர் வைத்த சோதனைகள் எக்கச்சக்கம். மாணவர்கள் பரீட்சைக்கு உருப்போடுகிற பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். அதில் பாதிக்குமேல் கால்பந்து, கபடி மாதிரி ஆட்டங்களில் திரும்பும்போது மடங்கி அறுகிற லிகமென்டுகளுக்கானவை, அதாவது எலும்பையும் எலும்பையும் பிணைத்துப் பிடிக்கிற நார்களுக்கானவை. நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கிற ஒருவருக்கு அப்படி அறுவது அபூர்வம். ஓட்டக்காரருக்கு வருகிற வலி பெரும்பாலும் மெல்ல மெல்லச் சேர்ந்து வருகிற வலி, அதைக் கண்டுபிடிக்க உதவுகிற சோதனைகள் பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கும். குந்தச் சொல்வது, படி இறங்கச் சொல்வது, கட்டைவிரலால் ஓர் இடத்தை அழுத்துவது, அவ்வளவுதான்.

எந்தச் சோதனையாக இருந்தாலும் நான் எதிர்பார்க்கிற பதில் ஒன்றுதான்: "ஆங், இதே வலிதான்." வலிக்கிறதா என்று கேட்டால் போதாது. பலமாக அழுத்தினால் நல்ல முட்டியும் வலிக்கும். ஓடும்போது எட்டாவது கிலோமீட்டரில் வருகிற அந்த வலியை மேசைமேல் வரவழைக்க முடிந்தால்தான் அந்தச் சோதனை எதையோ சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். வேறு ஏதோ வலி வந்தால் அதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். அப்புறம், வலிக்காத காலை முதலில் பார்க்க வேண்டும், எப்போதும். அந்த ஆளுக்கு எது இயல்பு என்று தெரியாமல் எது கோளாறு என்று எப்படிச் சொல்வது?

சரி, முதலில் விரல். "ஒரே ஒரு விரலால் வலிக்கிற இடத்தைக் காட்டுங்கள்" என்று சொன்னாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். சிலர் சட்டென்று முட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு புள்ளியைக் குத்திக் காட்டுவார்கள், சந்தேகமே இல்லாமல். அது பெரும்பாலும் ஐடி பேண்ட், இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முட்டிக்குக் கீழேவரை இறங்குகிற பட்டை. முட்டியின் முன்னால் இருக்கிற சில்லின் கீழ்முனையில் விரலை வைத்தால் அங்கே இருக்கிற டெண்டன், தசையை எலும்போடு ஒட்டவைக்கிற நாண். உள்பக்கம் மூட்டு இடுக்கிலிருந்து மூன்று விரற்கடை கீழே காட்டினால், அங்கே மூன்று தசைகளின் டெண்டன்கள் சேர்ந்து எலும்பில் ஒட்டுகிற இடமும் அதன் அடியில் உராய்வைக் குறைக்க இருக்கிற பர்சா என்கிற சிறு நீர்ப்பையும் நினைவுக்கு வர வேண்டும். வளர்கிற வயதுப் பிள்ளை முட்டிக்குக் கீழே புடைத்திருக்கிற எலும்பைக் காட்டினால் ஆஸ்குட் ஸ்லாட்டர் என்கிற, வளர்கிற காலத்து வலி. சிலரால் மட்டும் விரலால் காட்டவே முடியாது. உள்ளங்கையைச் சில்லின்மேல் வைத்து வட்டமாகத் தேய்ப்பார்கள், "இங்க எல்லாம், உள்ளே எங்கேயோ" என்பார்கள். ரன்னர்ஸ் நீ என்று ஓட்டக்காரர்கள் சொல்லிக்கொள்கிற சில்லு வலிக்கு அந்தத் தேய்ப்புதான் பெரிய அடையாளம்.

எப்போது வலிக்கிறது என்பது அடுத்தது. படி ஏறி இறங்கும்போதும், முட்டியை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்திருக்கும்போதும் வலித்தால் சில்லு. முதல் சில கிலோமீட்டர் ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டு, கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் வந்து பிடித்துக்கொண்டு, இறக்கத்தில் இன்னும் மோசமாகி, நடந்தால் அடங்கிவிடுகிறது என்றால் ஐடி பேண்ட். டெண்டன் வலி தொடக்கத்தில் இருக்கும், உடம்பு சூடானதும் குறையும், மறுநாள் காலையில் எழுந்ததும் பழிவாங்கும். எலும்பு வலி ஓட ஓட ஏறிக்கொண்டே போகும், நிறுத்தின பிறகும் போகாது, முற்றினால் ராத்திரி படுக்கையிலும் இருக்கும். இவ்வளவையும் கேட்டு முடித்த பிறகுதான் கை வேலை தொடங்குகிறது. ஏதோ ஒன்றைச் சந்தேகப்பட்டுச் செய்கிற சோதனைக்கும், பட்டியலில் இருக்கிறதே என்று வரிசையாகச் செய்கிற சோதனைக்கும் பலன் ஒன்றாக இருக்காது.

சில்லு வலிக்கு இன்றைக்குக் கையில் இருப்பதிலேயே நல்ல சோதனை, குந்துவது. கருவி வேண்டாம், மேசை வேண்டாம். உலக அளவில் இந்த வலியை ஆராய்கிறவர்கள் கூடி 2016இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையிலும் இதைத்தான் முன்னால் வைத்தார்கள்: குந்தும்போது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறவர்களில் 80 சதவீதம் பேருக்குச் சில்லு வலி இருக்கிறது. முட்டி மடங்க மடங்கச் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிற விசை ஏறுகிறது, அதனால்தான் நிற்கும்போது தெரியாத வலி பாதி குந்தும்போது தெரிகிறது. நான் வலி வருகிறதா என்பதோடு நிறுத்துவதில்லை. எவ்வளவு மடங்கும்போது தொடங்குகிறது, அந்தக் கட்டத்தில் ஆள் எடையை நைசாக மறுகாலுக்கு மாற்றுகிறாரா, குதிகால் தூக்குகிறதா, எழும்போது வலியா இறங்கும்போது வலியா என்று பக்கவாட்டில் நின்றும் முன்னால் நின்றும் பார்ப்பேன். குந்தி வலி வரவில்லை என்றால் ஒரு காலில் குந்தச் சொல்வேன். அதிலும் வரவில்லை என்றால் ஒரு படிமேல் நிற்கவைத்து மறுகாலின் குதிகால் மெதுவாகத் தரையைத் தொடும்வரை இறங்கச் சொல்வேன்.

அந்தப் படி இறங்கும் சோதனையில் முட்டி உள்பக்கம் சாய்வதும் இடுப்பு ஒரு பக்கம் விழுவதும் நன்றாகத் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை. முட்டி உள்ளே சாய்கிறது என்பதே ஒரு நோய் இல்லை. வலியே இல்லாமல் வேகமாக ஓடுகிற எத்தனையோ பேருக்கு அப்படித்தான் சாய்கிறது. சாய்வதைச் சரிசெய்து இறங்கச் சொல்லும்போது வலி குறைகிறதா என்று பார்த்தால்தான் அதற்குப் பொருள். குறைந்தால் சிகிச்சைக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. குறையவில்லையென்றால் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டிப் பயமுறுத்துவதில் பயன் இல்லை.

இதே சில்லு வலிக்கு இன்னும் பல இடங்களில் செய்கிற ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கு அதன்மேல் தனிப்பட்ட கோபம் உண்டு. கிளார்க் சோதனை. காலை நீட்டிப் படுக்கவைத்து, சில்லின் மேல்விளிம்பில் கையை வைத்துக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே, "தொடையை இறுக்குங்கள்" என்பார்கள். அழுத்தினபடி இறுக்கினால் யாருக்குத்தான் வலிக்காது? முட்டியில் எந்தப் பிரச்சினையும் இல்லாதவர்களுக்கும் வலிக்கிறது, பிரச்சினை இருக்கிற பலருக்கு வலிக்காமலும் போகிறது. எவ்வளவு அழுத்துவது என்பதற்கும் அளவு கிடையாது. இதைச் செய்து "குருத்தெலும்பு தேய்ஞ்சிருச்சு" என்று சொல்லி அனுப்பப்பட்ட இளம் ஓட்டக்காரர்கள் படிக்கட்டைக் கண்டாலே பயப்படுகிறார்கள். தொடையின் கோடும் சில்லுக்குக் கீழே உள்ள டெண்டனின் கோடும் சந்திக்கிற கோணமான கியூ ஆங்கிளை அளப்பதும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். அளக்கிற ஆளுக்கு ஆள் மாறுகிறது, அளந்த எண்ணும் வலியும் ஒத்துப்போவதில்லை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொன்று இருக்கிறது. சில்லு ஏற்கெனவே ஒருமுறை விலகியவர்களுக்குச் செய்கிற சோதனை அது. முட்டியைக் கொஞ்சம் மடக்கி வைத்துச் சில்லை மெல்ல வெளிப்பக்கம் தள்ள வேண்டும். இதில் பார்க்க வேண்டியது முகத்தை. விலகிய அனுபவம் உள்ளவர், வலி வருவதற்கு முன்பே உடம்பை இறுக்கி, என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிடுவார். அந்தப் பிடிதான் விடை, அதற்குமேல் தள்ள வேண்டியதில்லை.

இப்போது வெளிப்பக்கம். ஐடி பேண்டுக்கு நோபிள் சோதனை. தென்னாப்பிரிக்க மருத்துவர் கிளைவ் நோபிள் 1980இல் ஓட்டக்காரர்களைப் பற்றியே எழுதிய கட்டுரையோடு பிரபலமானது, அந்த வகையில் இது நம் ஆட்களுக்காகவே பிறந்த சோதனை. மல்லாக்கப் படுக்கவைத்து முட்டியை 90 டிகிரி மடக்கிக்கொள்வேன். வெளிப்பக்கத்து மூட்டு இடுக்கை விரலால் தேடி, அதிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலே போனால் தொடை எலும்பின் மேடு ஒன்று தட்டுப்படும். அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, அழுத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல், காலை மெதுவாக நீட்டிக்கொண்டே வர வேண்டும். 90இல் ஒன்றும் இல்லை. 60இல் ஒன்றும் இல்லை. 30 டிகிரி மடக்கு மிச்சம் இருக்கும் இடத்துக்கு வரும்போது விரலடியில் பட்டை நகர்ந்து மேட்டின்மேல் வருவது தெரியும், அதே நொடியில் ஆள் தலையைத் தூக்கி "அங்கதான், அங்கதான்" என்பார். இன்னும் நீட்டினால் குறைந்துவிடும். ஓடும்போது கால் தரையில் பதிந்த சற்று நேரத்தில் முட்டி ஏறக்குறைய அதே கோணத்தில்தான் இருக்கிறது.

ரொம்பக் காலம் இது பட்டை எலும்பில் உரசுவதால் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பட்டை அங்கே எலும்போடு இழைகளால் பிணைந்திருக்கிறது, முன்னும் பின்னும் தாராளமாக வழுக்கி ஓடுகிற பட்டை இல்லை, அடியில் இருக்கிற கொழுப்புத் திசு நசுங்குவதுதான் வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்று 2006இல் உடற்கூறியல் ஆய்வு ஒன்று வாதாடியது. காரணம் எதுவானாலும் சோதனை அப்படியேதான் வேலை செய்கிறது. ஓபர் சோதனைக்குத்தான் அடி விழுந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து மேல்காலைப் பின்னால் கொண்டுபோய்க் கீழே விட்டு, அது இறங்காவிட்டால் ஐடி பேண்ட் இறுக்கம் என்று 1930களிலிருந்து சொல்லிவந்த சோதனை. 2016இல் சடலங்களில் செய்து பார்த்தபோது, பட்டையை வெட்டிவிட்டாலும் கால் இறங்கும் அளவு மாறவில்லை. புட்டத்துத் தசைகளையும் இடுப்பு மூட்டின் உறையையும் வெட்டியபோதுதான் மாறியது. ஆக, அந்தச் சோதனை வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறது. அதை நம்பிப் பட்டையை உருளையில் போட்டுத் தேய்த்துக் கண்ணீர் விட்டவர்களுக்கு என் அனுதாபம்.

நோபிள் சோதனையில் ஒரு சிக்கல். பத்து நாள் ஓய்வெடுத்துவிட்டு வந்தவருக்கு இதைச் செய்தால் ஒன்றுமே இருக்காது. சோதனை பொய் சொல்லவில்லை, வலி அன்றைக்கு அங்கே இல்லை. அதனால் வெளிப்பக்க வலி என்று போனில் சொன்னாலே, ஓடிவிட்டு வலி வந்த உடனே வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். வியர்வையோடு வரட்டும், பரவாயில்லை. அதே பக்கத்தில் வேறு வில்லன்களும் உண்டு. மேட்டுக்குப் பதில் மூட்டு இடுக்கே வலித்தால் மெனிஸ்கஸ் பக்கம் யோசிக்க வேண்டும். பின்வெளி மூலையில், இறக்கத்தில் ஓடிய பிறகு வலித்தால் முட்டிக்குப் பின்னால் இருக்கிற பாப்லிட்டியஸ் என்கிற சிறு தசை. கீழ்க்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் தலைக்குப் பக்கத்தில் தட்டும்போது பாதம்வரை மின்சாரம் மாதிரி இறங்கினால் அங்கே சுற்றிப் போகிற நரம்பு.

வீக்கம். இதற்கு நான் கொடுக்கிற மரியாதை மற்ற எந்தச் சோதனைக்கும் கொடுப்பதில்லை. சில்லு வலியிலும் ஐடி பேண்டிலும் மூட்டுக்குள் நீர் சேர்வது வழக்கமில்லை. நீர் இருந்தால் மூட்டுக்கு உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள், பேச்சே திசை மாறிவிடும். நிறைய நீர் இருந்தால் எவருக்கும் தெரியும். கொஞ்சமாக இருந்தால் கையால் துடைத்துப் பார்க்க வேண்டும். காலை நீட்டி, தொடையைத் தளரவிட்டுப் படுக்கச் சொல்லிவிட்டு, சில்லின் உள்பக்கத்துப் பள்ளத்திலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை வழித்துவிடுவேன். பள்ளம் காலியாகிவிடும். பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு வழிப்பு. கண் பள்ளத்தின்மேல் இருக்க வேண்டும். நீர் இருந்தால் அந்தப் பள்ளத்தில் ஒரு சிறு அலை மெல்லப் புடைத்துக்கொண்டு வரும், விளக்கு பக்கவாட்டில் இருந்தால் அதன் நிழல்கூட நகர்வது தெரியும். சில நேரம் வெளிப்பக்கம் வழிப்பதற்கு முன்பே தானாகத் திரும்பி வந்துவிடும். அப்படியானால் நீர் இன்னும் அதிகம்.

வீக்கம் எப்போது வந்தது என்பதும் முக்கியம். விழுந்தோ திரும்பியோ இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பெருத்துவிட்டால் உள்ளே ரத்தம் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்: லிகமென்ட் அறுந்திருக்கலாம், எலும்பு உடைந்திருக்கலாம், சில்லு விலகியிருக்கலாம். மறுநாள் காலையில் எழுந்து பார்க்கும்போது வீங்கியிருந்தால் மெனிஸ்கஸ் அல்லது மூட்டின் எரிச்சல். அடியே படாமல் முட்டி வீங்கி, சுடுகிறது, கூடவே காய்ச்சல் என்றால் எந்தச் சோதனையும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமித் தொற்று காத்திருக்காது.

மெனிஸ்கஸ் சோதனைகளில் நான் முதலில் செய்வது மூட்டு இடுக்கை விரல் நுனியால் முன்னிருந்து பின்னாக அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்ப்பது. பெரிய பெயர் எதுவும் இல்லாத வேலை, ஆனால் உருப்படியானது. மக்மரே சோதனையில் முட்டியை முழுசாக மடக்கி, கீழ்க்காலைத் திருகி, நீட்டிக்கொண்டே வரும்போது வலியோடு ஒரு 'டொக்' வந்தால் சந்தேகம். வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முட்டி சத்தம் போடும், அது அதன் சுபாவம். ஆப்ளி 1947இல் சொன்னது, குப்புறப் படுக்கவைத்து முட்டியை 90இல் மடக்கி, அழுத்தித் திருகுவது. 2005இல் கிரீஸின் தெஸ்ஸலி பகுதியிலிருந்து வந்த தெஸ்ஸலி சோதனையில் ஆள் ஒரு காலில் நின்று, முட்டியை 20 டிகிரி மடக்கி, என் கைகளைப் பிடித்துக்கொண்டு உடம்பை இடமும் வலமும் திருப்புவார். நின்று, எடை தாங்கிச் செய்வதால் ஓட்டக்காரருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எனக்கும் பிடித்திருந்தது. கண்டுபிடித்தவர்கள் 94 சதவீதமோ அதற்கு மேலோ துல்லியம் என்றார்கள். பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த அளவு வரவில்லை. இந்த நான்கில் எந்த ஒன்றையும் தனியாக நம்ப மாட்டேன். இரண்டு மூன்று ஒத்துப்போய், வீக்கமும் இருந்து, முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறது என்றும் சொன்னால், எம்ஆர்ஐக்கு நானே எழுதிக் கொடுப்பேன்.

லிகமென்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ்க்கால் எலும்பு முன்னால் நகராமல் முட்டிக்குள் பிடித்துவைக்கிற லிகமென்டான ஏசிஎல்லுக்கு லாக்மன் சோதனை. முட்டியை 20 முதல் 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து நிறுத்தி, மறுகையால் கீழ்க்காலை முன்னால் இழுப்பது. நல்ல லிகமென்ட், கட்டின கயிறு இழுபட்டு நிற்பதுபோல் 'டக்'கென்று நிறுத்தும். அறுந்திருந்தால் நிற்கவே நிற்காது, கொழகொழவென்று வந்துகொண்டிருக்கும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறுந்தவர்களில் 85 சதவீதம் பேரை இது பிடிக்கிறது, அறாதவர்களில் 94 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. முட்டிச் சோதனைகளில் இவ்வளவு நம்பகமானது அரிது, ஓட்டக்காரருக்கோ அது தேவைப்படுவதே அரிது. வாழ்க்கை அப்படித்தான் இருக்கிறது. பக்கவாட்டு லிகமென்டுகளை 0 டிகிரியிலும் 30 டிகிரியிலும் அசைத்துப் பார்ப்பேன், அரை நிமிஷ வேலை.

சில்லுக்குக் கீழே இருக்கிற டெண்டனுக்கு அழுத்திப் பார்ப்பதை மட்டும் நம்பக்கூடாது, ஓடுகிற எல்லோருக்கும் அங்கே கொஞ்சம் வலிக்கும். 25 டிகிரி சரிவுப் பலகையில் குதிகால் மேலேயும் விரல்கள் கீழேயும் இருக்கும்படி நின்று ஒரு காலில் குந்தச் சொன்னால், எடை முழுக்க டெண்டனுக்கு மேல் விழும். கவனிக்க வேண்டியது, வலி அதே புள்ளியில் நிற்கிறதா, சில்லைச் சுற்றிப் பரவுகிறதா என்பது. ஆழமாகக் குந்தக் குந்த வலி ஏறியும், அந்தப் புள்ளியைவிட்டு நகராமலும் இருந்தால் டெண்டன். பரவினால் மறுபடி சில்லு.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தருகிறவை. முட்டியில் எல்லாச் சோதனையும் செய்து ஒன்றும் கிடைக்காமல், ஆனால் ஆள் நொண்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றால், முட்டியை விட்டு மேலே போக வேண்டும். இடுப்பு மூட்டின் வலி முட்டியில் வந்து பேசும். படுக்கவைத்து இடுப்பையும் முட்டியையும் 90இல் மடக்கி, தொடையை உள்பக்கம் சுழற்றினால் தொடையிடுக்கில் வலி வருகிறதா? தொடை எலும்பின் கழுத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழுகிற சுமையால் வருகிற விரிசல், இருந்தால் இப்படித்தான் மாட்டும், அதைத் தவறவிட்டுத் தொடர்ந்து ஓடினால் எலும்பு முழுசாக உடைந்து அறுவைசிகிச்சையில் போய் முடியும். தொடை எலும்பின் நடுப்பகுதிக்கு, ஆளை மேசை விளிம்பில் உட்காரவைத்து, தொடைக்கு அடியில் என் முன்கையை முட்டுக்கொடுத்து, முட்டியை மேலிருந்து அழுத்திப் பார்ப்பேன். முட்டியை ஒட்டிய கீழ்க்கால் எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தினால் உயிர் போகிற வலி இருந்தாலும் அதே கவலைதான். நொண்டியடித்துக் குதிக்கச் சொல்கிற சோதனை ஒன்றும் இருக்கிறது. எலும்பின்மேல் சந்தேகம் வலுவாக இருந்தால் அதை நான் செய்வதில்லை. விரிசல் இருக்கிற எலும்பைக் குதிக்கவைத்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? நேராக ஸ்கேன். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, இங்கே எம்ஆர்ஐதான் ராஜா. ராத்திரி வலி, திடீரென்று கூட்டிய தூரம், உடம்பு இளைத்துப்போவது, பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோயிருப்பது, இவற்றைக் கட்டாயம் கேட்டுவிட வேண்டும். சாப்பாடு போதாமல் ஓடுகிறவர்களுக்கு எலும்புதான் முதலில் பணம் கட்டுகிறது.

பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளை முட்டி வலி என்று வந்து, முட்டியில் எதுவும் இல்லை என்றால் இடுப்பை இரட்டைக் கவனத்தோடு பார்க்க வேண்டும். இடுப்பை மடக்கும்போது தொடை தானாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டே போனால், தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டில் வழுக்கியிருக்கலாம். அதற்குமேல் அந்தப் பிள்ளையை நடக்கவே விடக்கூடாது, அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இதில் எதை நீங்களாக வீட்டில் செய்து பார்க்கலாம்? குந்துவதும் படி இறங்குவதும் செய்யலாம். விரலால் காட்டுவது எல்லோராலும் முடியும். மற்றவற்றை உங்கள் நண்பர் வீடியோ பார்த்து உங்கள் காலில் செய்ய விடாதீர்கள், முக்கியமாகத் திருகுகிறவற்றை. ஒரு சோதனையை அடையாளமாக வைத்துக்கொள்வது மட்டும் ரொம்பப் பயன்படும். படி இறங்கும்போது பத்துக்கு ஆறு வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது நிமிஷத்துக்கு வைக்கிற அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கிறீர்கள். 10 சதவீதம் கூட்டினால் சில்லு மூட்டில் விழுகிற உச்ச விசை ஏறக்குறைய 14 சதவீதம் குறைவதாக 2014இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. கூடவே தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே படியில், அதே வேகத்தில் இறங்கிப் பாருங்கள். ஆறு மூன்றாகியிருந்தால் போகிற வழி சரி. எட்டாகியிருந்தால் முதலில் வைத்த சந்தேகத்தையே மறுபடி கேள்வி கேட்க வேண்டும்.

கடைசியாக, மெல்ல வந்த வலி இல்லாமல் கீழே விழுந்து முட்டியில் அடிபட்டவர்களுக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவு செய்ய, 1995இல் கனடாவிலிருந்து வந்த ஒட்டாவா விதி இருக்கிறது. வயது 55 அல்லது அதற்குமேல், சில்லில் மட்டும் அழுத்தினால் வலி, ஃபிபுலா தலையில் அழுத்தினால் வலி, முட்டியை 90 டிகிரி மடக்க முடியாமை, அடிபட்ட உடனேயும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமை. நொண்டிக்கொண்டு வைத்தாலும் அது அடிதான். இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஐந்தும் இல்லையென்றால் எலும்பு உடைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வீக்கம் வடிந்த பிறகு லிகமென்டையும் மெனிஸ்கஸையும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.